தியேட்டர் குளிர்ந்தும் சர்ஜன் வியர்ப்பது ஏன்?

"ஏசியை இன்னும் கொஞ்சம் குறைங்க." நீண்ட அறுவை சிகிச்சைகளின்போது ஆபரேஷன் தியேட்டருக்குள் அடிக்கடி கேட்கும் குரல் இது. சொல்பவர் சர்ஜன். அவருக்கு நான்கடி தள்ளி, நோயாளியின் தலைமாட்டில் இருக்கும், மயக்க மருந்து கொடுக்கும் அனஸ்தீசியா டாக்டர் ஏற்கெனவே ஒரு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மேஜையில் படுத்திருப்பவரின் உடல் வெப்பம் 36 டிகிரியை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். ஒரே அறை, ஒரே வெப்பநிலை; மூன்று பேருக்கும் மூன்று விதத் தேவை. தெர்மோஸ்டாட்டைத் திருகி இந்த மூவரையும் ஒருசேரத் திருப்திப்படுத்த முடியாது. சர்ஜனை வாட்டும் சூட்டில் பெரும்பகுதி அறையில் இல்லை, அவருடைய கவுனுக்குள், அதாவது அறுவையின்போது மேலே அணியும் அங்கிக்குள் இருக்கிறது. அதை அங்கேயே கவனிக்காமல் அறையைக் குளிர்விப்பது நோயாளிக்குத்தான் கெடுதல்.

கவுனுக்குள் அடைபடும் சூடு

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் உடல் சுமார் 105 வாட் வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. நின்றபடி, கைகளை முன்னே நீட்டி, தசைகளை இறுக்கிப் பிடித்து அறுவை செய்பவரிடம் இது 165 முதல் 200 வாட் வரை போகும். எலும்பைக் குடைந்து, சுத்தியலால் தட்டி, மூட்டைத் திருப்பி வேலை செய்யும் எலும்பு சர்ஜனுக்கு இன்னும் கூடும். மெல்லிய பருத்திச் சட்டையோடு 21 டிகிரி அறையில் நின்றால் இந்த வெப்பம் தானாகவே போய்விடும். தியேட்டரில் யாரும் அப்படி நிற்பதில்லை.

வியர்வையின் கணக்கைப் பார்த்தால் சிக்கல் புரியும். ஒரு மணி நேரத்தில் 100 மில்லி வியர்வை தோலிலிருந்து முழுவதுமாக ஆவியானால் ஏறத்தாழ 67 வாட் வெப்பத்தை எடுத்துச் செல்லும். அதே 100 மில்லி ஆவியாகாமல் பனியனை நனைத்துக்கொண்டு முதுகில் வழிந்தால் உடல் குளிர்வதே இல்லை. உடல் மேலும் வியர்க்கும், மேலும் நனையும். அறையை 2 டிகிரி குறைத்தாலும் அந்த ஈரம் அவர் அணிந்திருக்கும் பிளாஸ்டிக்கைத் தாண்டி வெளியே போகப் போவதில்லை. ஆக, கவுன் ஆவியை வெளியே விடுகிறதா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

நம் ஊர் மருத்துவமனைகள் பலவற்றில் துணிக் கவுன்தான். துணி ஆவியை நன்றாக விடும். ஆனால் ரத்தத்தையும் விட்டுவிடும். நனைந்த துணி கிருமிக்குத் தடையே இல்லை. அதனால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஏப்ரனைக் கட்டிக்கொள்கிறார்கள். பாதுகாப்புக்கு அது சரி. ஆனால் மார்பிலிருந்து முழங்கால் வரை ஒரு பாலித்தீன் உறை விழுந்துவிடுகிறது. பஞ்சு போன்ற நெய்யாத துணியில் மூன்று அடுக்காகச் செய்யப்படும் எஸ்.எம்.எஸ். வகைக் கவுன் இதற்கு நல்ல மாற்று. வெளி அடுக்குகள் இரண்டும் வலுவுக்கு. நடு அடுக்கில் இழைகள் மிக நுண்ணியவை, திரவத்தைத் தடுத்து ஆவியை விடும். ரத்தம் கொட்டும் அறுவைகளுக்கு அதுவும் போதாது. அங்கே நுண்துளைப் படலம் ஒட்டிய கவுனா, துளையே இல்லாத பிளாஸ்டிக் படலம் ஒட்டியதா என்று பார்த்து வாங்க வேண்டும். அமெரிக்கத் தரவரிசையில் 4-ஆம் நிலைக் கவுன்கள் இரண்டுமே வைரஸ் அளவிலான சோதனையைத் தாண்டியவைதான். விலைப்பட்டியலில் இரண்டும் ஒரே வரியில் இருக்கும். இரண்டு மணி நேரம் போட்டிருந்தால் வேறுபாடு முதுகுத்தண்டில் தெரியும். நீராவி கடக்கும் வீதம் என்று தயாரிப்பாளர் தரும் எண்ணைக் கேட்டு வாங்கும் கொள்முதல் அதிகாரிகள் மிகக் குறைவு என்பதுதான் வருத்தம்.

எல்லா அறுவைக்கும் மிகத் தடிமனான கவுனைக் கொடுப்பதும் தவறு. கண்புரை அறுவைக்கும் பெருங்குடல் அறுவைக்கும் ஒரே கவுன் தேவையில்லை. பல கவுன்களில் முன்புறமும் முன்கையும் மட்டும் வலுவூட்டப்பட்டு, முதுகுப்புறம் மெல்லியதாக விடப்பட்டிருக்கும். வெப்பம் வெளியேற எஞ்சியிருக்கும் வழி அந்த முதுகு.

அந்த வழியையும் அடைப்பது லெட் ஏப்ரன், எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈய உடை. மேஜையைச் சுற்றித் திருப்பக்கூடிய சி-ஆர்ம் எக்ஸ்ரே எந்திரம் பயன்படும் எலும்பு, முதுகெலும்பு, ரத்தக்குழாய் அறுவைகளில் அதைத் தவிர்க்க முடியாது. 0.5 மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமான முழு ஏப்ரன் 5 முதல் 7 கிலோ வரை எடை கொண்டது. காற்றும் புகாது, ஆவியும் போகாது. சுற்றிக் கட்டும் வகையில் முதுகும் மூடப்படும். மேல்சட்டை, பாவாடை என்று இரண்டாகப் பிரிந்த வகையில் எடையின் ஒரு பகுதி இடுப்புக்கு இறங்குகிறது, இடையில் சிறிது காற்றும் போகிறது. பாவாடையின் இடுப்புப் பட்டையைத் தொளதொளவென்று விட்டால் இந்தப் பயன் போய்விடும். முழு எடையும் மறுபடி தோளுக்கே வரும். எக்ஸ்ரே தொடக்கத்தில் மட்டுமே தேவைப்படும் அறுவைகளில், அந்தக் கட்டம் முடிந்ததும் ஸ்க்ரப்பை (கை கழுவிக் கவுன் போட்ட கிருமியற்ற நிலையை) விட்டு வெளியே வந்து, லெட்டைக் கழற்றி, மறுபடி கை கழுவி, புதிய கவுன் போட்டுத் தொடரலாம். பத்து நிமிடம் போகும். மீதி மூன்று மணி நேரத்துக்கு அது நல்ல வியாபாரம்.

காற்று: குளிர்ச்சியைவிட ஈரப்பதம்

இந்தியாவில் மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எச். வாரியத்தின் ஏசி வழிகாட்டுதல் தியேட்டருக்கு 21 டிகிரி என்றும், அதற்கு மேலும் கீழும் 3 டிகிரி என்றும் சொல்கிறது. ஈரப்பதம் 20 முதல் 60 சதவீதம். மணிக்கு 20 முறை காற்று மாற வேண்டும். அதில் 4 முறை வெளிக்காற்று. மேஜைக்கு மேலிருந்து காற்று நிமிடத்துக்கு 25 முதல் 35 அடி வேகத்தில் இறங்க வேண்டும். வெப்பநிலையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். சென்னையிலும் தூத்துக்குடியிலும் தோற்றுப்போவது ஈரப்பதம்.

ஓர் எடுத்துக்காட்டு. 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள தியேட்டர் என்றால் 108 கன மீட்டர். மணிக்கு 4 முறை வெளிக்காற்று என்றால் 432 கன மீட்டர். கடலோரக் கோடையில் அந்தக் காற்றின் ஒவ்வொரு கிலோவிலும் சுமார் 20 கிராம் நீராவி இருக்கும். 22 டிகிரி, 55 சதவீத ஈரப்பதம் வேண்டுமென்றால் 9 கிராம்தான் இருக்கலாம். அதாவது ஒவ்வொரு மணி நேரமும் சுமார் ஐந்தரை லிட்டர் தண்ணீரை ஏசியின் குளிர்ச்சுருள் பிழிந்து வெளியேற்ற வேண்டும். அந்தச் சுருளுக்குக் குளிர்ந்த நீரை அனுப்பும் சில்லரிலிருந்து 7 டிகிரியில் தண்ணீர் வந்தால் இது நடக்கும். அது 10 டிகிரியாக ஏறினாலோ, வடிகட்டி அடைத்துத் தண்ணீரின் ஓட்டம் குறைந்தாலோ, அறை குளிராகவே இருக்கும். ஆனால் காற்று பிசுபிசுக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் சர்ஜன் தெர்மோஸ்டாட்டைக் குறைக்கச் சொல்கிறார். 22 டிகிரியில் 55 சதவீதமாக இருந்த அதே காற்றை, நீராவியை எடுக்காமல் 17 டிகிரிக்குக் குளிர்வித்தால் ஈரப்பதம் 75 சதவீதம். வியர்வை ஆவியாகும் வேகம் எதிர்பார்த்தபடி அதிகரிக்காது. மேலே ஸ்டீல் தட்டுகளில் நீர் முத்து கட்டும். அது மேஜை மேல் சொட்டினால் கிருமிநீக்கம் செய்த துணி முழுவதும் வீண். சரியான வழி இதற்கு நேர்மாறானது: சுருளில் காற்றை நன்றாகக் குளிர்வித்து நீரைப் பிழிந்துவிட்டு, பிறகு ஹீட்டரால் தேவையான அளவுக்குச் சூடேற்றி அனுப்புவது. மின்கட்டணத்தைப் பார்த்து அந்த ஹீட்டரை அணைத்து வைத்திருக்கும் இடங்கள் உண்டு. 17 டிகிரியும் வறண்ட காற்றும் வேண்டும் என்றால் சாதாரண சில்லர் போதாது. ஈரம் உறிஞ்சும் சக்கரமோ, இன்னும் குளிர்ந்த திரவத்தில் ஓடும் தனிச் சுருளோ வேண்டும்.

இன்னொரு வழக்கமான தவறு, தியேட்டருக்குக் காற்றைக் குளிர்வித்து அனுப்பும் ஏ.ஹெச்.யூ. எந்திரத்தை இரவில் முழுவதுமாக நிறுத்துவது. சுவரும் துணியும் இரவெல்லாம் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். காலை 7 மணிக்குப் போட்டால் முதல் கேஸ் முடியும்வரை அறை வறளாது. வேலை இல்லாத நேரத்திலும் காற்றாடி குறைந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று வழிகாட்டுதலே சொல்கிறது.

காற்றிலுள்ள நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இறங்கும் காற்றின் அளவு குறைகிறது. மேஜையடியில் காற்று அசையாது, அறைச் சுவரில் உள்ள எண் மட்டும் சரியாக இருக்கும். சர்ஜன் புழுங்குகிறது என்று சொல்லும்போது முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டரின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் காட்டும் மானி. இரண்டாவது, தரைக்கருகே மூலைகளில் இருக்கும் காற்று திரும்பும் வழிகள். பெரும்பாலும் அங்கே ஒரு டிராலியோ குப்பைக்கூடையோ சாய்ந்து நிற்கும்.

ஸ்ப்ளிட் ஏசியைத் தியேட்டரில் மாட்டுவது விடையல்ல. அது உள்காற்றையே சுழற்றுகிறது, அதன் ஈரமான உட்புறம் பூஞ்சைக்கு நல்ல வீடு. என்.ஏ.பி.எச். அதை நேரடியாகவே தடுக்கிறது. மேசை விசிறி இன்னும் மோசம்: தரைத் தூசியைக் கிளப்பி, மேலிருந்து நேராக இறங்கும் காற்றை உடைத்து, காயத்துக்கு நேராக ஊதிவிடும்.

விளக்கு

ஹாலஜன் விளக்குகள் இருந்த காலத்தில் சர்ஜனின் உச்சந்தலைதான் முதலில் சுடும். காயத்தில் சூடு படாமலிருக்க அவற்றின் பிரதிபலிப்பான்கள் அகச்சிவப்புக் கதிர்களைப் பின்பக்கமாக வெளியே விட்டுவிடும். அந்தச் சூடு விளக்கின் கூட்டுக்குள் ஏறி, குனிந்து நிற்கும் தலைகளுக்கு மேல் தேங்கும். எல்.இ.டி. வந்த பிறகு இது வெகுவாகக் குறைந்துவிட்டது. பழைய விளக்கை மாற்றாமல் சர்ஜனின் உடலைக் குளிர்விக்கும் கூலிங் வெஸ்ட் வாங்கும் மருத்துவமனை தலைகீழாகச் செலவு செய்கிறது. எல்.இ.டி.யிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூடிய பெரிய வட்டக் கூடாக இருந்தால் அது மேலிருந்து வரும் காற்றுக்குக் குடை பிடிக்கும். இதழ் இதழாகப் பிரிந்த வடிவம் காற்றை விடும்.

நோயாளியைச் சூடாக்கினால் சர்ஜனைக் குளிர்விக்கலாம்

இதுதான் பலர் தவறவிடும் இடம். 1996-இல் வெளியான ஓர் ஆய்வில் பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 200 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். உடல் வெப்பம் 36.6 டிகிரியில் காக்கப்பட்டவர்களில் 6 சதவீதம் பேருக்குக் காயத்தில் தொற்று, 34.7 டிகிரிக்கு இறங்க விடப்பட்டவர்களில் 19 சதவீதம். அறையைக் கண்மூடித்தனமாகக் குளிர்விக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

ஆனால் அந்த வெப்ப இழப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் சர்ஜனுக்கும் ஒரு வழி திறக்கிறது. மயக்க மருந்து கொடுத்ததும் கைகால்களின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன. உடலின் நடுவிலுள்ள சூடான ரத்தம் குளிர்ந்த கைகால்களுக்குப் பாய்கிறது. முதல் ஒரு மணி நேரத்தில் நடுவெப்பம் 1 முதல் 1.5 டிகிரி சரிவதற்கு முக்கியக் காரணம் இந்த உள்பங்கீடு. அறைக் குளிர் அதற்கு அடுத்ததுதான். மயக்கத்துக்கு முன்பே வார்டிலோ காத்திருப்பு அறையிலோ சூடான காற்று ஊதும் போர்வையால் அரை மணி நேரம் கைகால்களைச் சூடாக்கிவிட்டால் பங்கிடப் பெரிதாக எதுவும் இருக்காது.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறது: நோயாளி மூடப்படாமல் இருக்கும்வரை அறை குறைந்தது 21 டிகிரி, போர்வை வழியாகச் சூடேற்றுவது தொடங்கிய பிறகு, வேலை செய்பவர்களின் வசதிக்காக அறையைக் குளிர்விக்கலாம். நடைமுறையில் வரிசை இப்படி: நோயாளி உள்ளே வரும்போது 22 அல்லது 23 டிகிரி. மயக்கம், கழுவுதல், மருந்து பூசுதல், துணி போர்த்துதல் எல்லாம் அந்த வெப்பத்தில். போர்த்தி முடித்து, சூடான காற்று ஓடத் தொடங்கி, செலுத்தும் திரவமும் சூடேற்றியின் வழியே வந்த பிறகு 19 அல்லது 20. தைக்கத் தொடங்கும்போது மறுபடி ஏற்றுவது. அறை ஒரு டிகிரி மாறப் பல நிமிடம் ஆகும் என்பதால் சொல்பவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பை அனஸ்தீசியா டாக்டரிடம் விடுவது நல்லது. நோயாளியின் வெப்பமானி அவர் கண்முன்தான் இருக்கிறது.

போர்வையின் விளிம்பு சரியாக ஒட்டப்படாவிட்டால் 40 டிகிரிக் காற்று துணிக்கடியிலிருந்து நேராக உதவி சர்ஜனின் வயிற்றுக்கு வரும். வியர்ப்பதற்குக் காரணம் தேடி ஏசி மெக்கானிக்கை அழைப்பதற்கு முன் அந்த விளிம்பைத் தொட்டுப் பார்க்கலாம்.

தலைக்கவச உடை தந்த பாடம்

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இடுப்பு மாற்று அறுவையை வளர்த்தெடுத்த ஜான் சார்ன்லி, 1960-களில் தொற்றோடு போராடியபோது, சர்ஜனின் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்கள்தான் எதிரி என்று முடிவுக்கு வந்தார். முழு உடலையும் மூடும் உடை, அதற்குள்ளிருந்து குழாய் வழியே காற்றை உறிஞ்சி வெளியே கொண்டுபோகும் ஏற்பாடு. நோக்கம் தொற்றைத் தடுப்பது. கூடவே ஒரு பயனும் கிடைத்தது: உறிஞ்சும் குழாய் வெப்பத்தையும் ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போயிற்று. அத்தகைய உடைக்குள் காற்றோட்டம் இல்லாமல் யாரும் நிற்கவும் முடியாது. அவரிடம் தொற்று ஏறத்தாழ 7 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட மூட்டு மாற்றங்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு 1982-இல் வெளியானபோது, மிகத் தூய காற்றில் ஆழ்ந்த தொற்று 1.5-லிருந்து 0.6 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டியது.

இன்று விற்கும் தலைக்கவசங்கள் வேறு தத்துவம். உறிஞ்சுவதில்லை, கவசத்திலுள்ள சிறிய பேட்டரி விசிறி வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிறது. தலையும் கழுத்தும் குளிரும், கண்ணாடியில் பனி படராது. தள்ளப்பட்ட காற்று வெளியேற வழி தேடும். கையுறைக்கும் சட்டைக் கைக்கும் இடையே உள்ள இடுக்கு ஒரு வழி. நியூசிலாந்தின் மூட்டு மாற்றுப் பதிவேட்டின் 10 ஆண்டுத் தரவு 2011-இல் வந்தபோது, இந்த உடையால் தொற்று குறையவில்லை, மாறாகக் கூடுதலாகவே பதிவாகியிருந்தது. அதனால் கவசத்தை வசதிக்கான கருவியாகப் பார்ப்பது சரி. தொற்றுத் தடுப்பு என்று நம்புவது சரியல்ல. அணிபவர் கவனிக்க வேண்டியவை: கவுன் முழுவதும் போட்ட பிறகே விசிறியை ஓடவிடுவது, மணிக்கட்டில் கையுறையை நன்றாக மேலே இழுத்து மூடுவது, பேட்டரி முழுதாக ஏறியிருப்பதை முன்பே பார்ப்பது. விசிறி நின்றால் உள்ளே கரியமில வாயு சேரும். தலைவலி வந்த பிறகு காரணம் புரிவதில் பயனில்லை.

கூலிங் வெஸ்ட்: எவ்வளவு தாங்கும்?

மேற்சொன்ன எல்லாவற்றையும் செய்த பிறகும் சூடு மிஞ்சும் இடங்கள் உண்டு. தீக்காய நோயாளிகளுக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கும் அறையையே 26 டிகிரிக்கு மேல், சில சமயம் 30 வரை ஏற்ற வேண்டியிருக்கும். அங்கே சர்ஜனின் உடலைத்தான் குளிர்விக்க முடியும்.

எளிதானது, குறிப்பிட்ட வெப்பத்தில் உருகும் மெழுகு அல்லது உப்புக் கலவைப் பைகள் செருகிய வெஸ்ட். 21 டிகிரியில் உருகும் பைகளில் கிலோவுக்குச் சுமார் 200 கிலோஜூல் வெப்பம் அடங்கும். 2 கிலோ என்றால் 400 கிலோஜூல். இரண்டு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் 55 வாட். மேலே சொன்ன 165 வாட்டில் மூன்றில் ஒரு பங்கு, மோசமில்லை. ஐஸ் பை போட்டால் இன்னும் கூடக் கிடைக்குமே என்று தோன்றும். கிலோவுக்கு 334 கிலோஜூல். ஆனால் 0 டிகிரி தோலுக்கு அளவுக்கு மீறிய குளிர். ரத்தக்குழாய்கள் சுருங்கி வெப்பம் வெளியே வருவதே குறையும். பையின் மேல் வியர்க்கும் நீர் கவுனை உள்ளிருந்து நனைக்கும்.

அணியும் முறை: கவுனுக்குள் போடும் ஸ்க்ரப் சட்டைக்கு மேல், லெட் ஏப்ரனுக்கு உள்ளே, உடலோடு ஒட்டி. தொளதொளவென்று இருந்தால் இடையிலுள்ள காற்றே தடையாகிவிடும். பைகள் முழுவதும் உறைந்திருக்கின்றனவா என்று விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும்; அரைகுறையாக உறைந்தவை முக்கால் மணியில் முடிந்துவிடும். உருகி முடிந்த வெஸ்ட் 2 கிலோ எடையுள்ள கம்பளி. உள்ளே கழற்ற வழியில்லை. ஆகவே ஐந்து மணி நேர அறுவைக்கு இரண்டு செட் பைகளும், நடுவில் ஓர் இடைவேளையும் முன்பே திட்டமிடப்பட வேண்டும்.

குளிர்நீர் குழாய்களில் ஓடும் வெஸ்ட் நேரக்கணக்கு இல்லாமல் வேலை செய்யும். ஆனால் குழாய் சர்ஜனைத் தொட்டியோடு கட்டிப்போடும். தொட்டியைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை வேண்டும். இதய அறுவையில் இதய-நுரையீரல் எந்திரத்தோடு பயன்படும் சூடேற்றும், குளிர்விக்கும் கருவிகளின் நீர்த்தொட்டியில் வளர்ந்த மைக்கோபாக்டீரியம் கைமேரா என்ற கிருமி, கருவியின் விசிறிக் காற்றில் நுண்துளியாகப் பறந்து நோயாளிகளின் காயத்தில் விழுந்தது. 2015-இல் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விடுத்தது. நீர்த்தொட்டியும் விசிறியும் சேர்ந்த எந்தக் கருவியும் தியேட்டருக்குள் வரக் கூடாது. விசிறியில்லாத, மூடிய தொட்டியாக இருக்க வேண்டும். நாள் முடிவில் வடித்துக் காயவைக்க வேண்டும்.

இடைவேளை

ஜெர்மனியின் ஹனோவரில் குழந்தைகளுக்கான லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே செய்யும்) அறுவைகளில் 25 நிமிடத்துக்கு ஒருமுறை 5 நிமிடம் நிறுத்திப் பார்த்த ஆய்வு 2011-இல் வந்தது. மொத்த நேரம் கூடவில்லை. சர்ஜன்களின் களைப்பும் மன அழுத்த அளவுகளும் குறைந்தன. ஒவ்வோர் அறுவையிலும் அப்படி முடியாது. ரத்தக்குழாய் திறந்திருக்கும்போது யாரும் நிறுத்த மாட்டார்கள். ஆனால் மாதிரித் திசு ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கும் நேரம், செயற்கை மூட்டை எலும்போடு ஒட்டும் சிமென்ட் இறுகும் நேரம், சி-ஆர்ம் திருப்பும் நேரம் எல்லாம் இயல்பான நிறுத்தங்கள். ஸ்க்ரப்பை விட்டு வெளியே வந்தால் பைகளை மாற்றிக்கொள்ளலாம், நனைந்த பனியனையும் மாற்றலாம், தண்ணீர் குடிக்கலாம். சிறுநீர் வந்துவிடும் என்று பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் நிற்பது பரவலான பழக்கம். லெட்டுக்கடியில் மூன்று மணி நேரம் வியர்ப்பவருக்கு அது தலைசுற்றலில் முடியும். கடைசித் தையல் போடப்படும் நேரம்தான் அது வழக்கமாக வெளியே தெரியும் நேரம். ஆகவே இடைவேளையை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வைப்பதே நல்லது.